வெளங்கிச்சு சாரே!

ஒன்பது, பத்தாம் வகுப்பில் பாடத்தை ஒரு மூச்சு நடத்தி நிறுத்தியதும் நம் பக்கத்து ஆசிரியர் வாயில் வரும் கேள்வி இதுதான்: "வெளங்கிச்சா மக்களே?" கேட்டு முடிக்கும் முன்னே கூரையைத் தூக்குகிற மாதிரி பதில் வரும்: "வெளங்கிச்சு சாரே!" நம் குமரி மாவட்டத்தில் தோவாளையில் கேட்டாலும் தூத்தூரில் கேட்டாலும் ராகம் ஒன்றுதான்.

இந்தோனேசியாவிலும் இதே ராகம் உண்டு. அங்கே ஆசிரியை "பஹாம்?" என்பார். "பஹாம், பூ!" என்று வகுப்பே முழங்கும். 'பூ' என்பது 'இபு', அதாவது அம்மா. ஆண் ஆசிரியர் என்றால் 'பாபாக்', அப்பா. வகுப்பைக் கூப்பிடும்போது 'அனாக்-அனாக்' என்பார்கள். பிள்ளைகளே என்று பொருள். நம் 'மக்களே'க்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது.

இந்தக் கோரஸைப் பதில் என்று நினைக்கக் கூடாது. அது ஒரு வணக்கம், அவ்வளவுதான். முதலில் வாய் திறப்பது முன்வரிசை நாலைந்து பேர். மற்றவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். விளங்காதவன் தனியே "வெளங்கல்ல" என்று சொல்ல வேண்டுமானால் 40 பேருக்கு எதிராக நிற்க வேண்டும். எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை நிற்கும்? சந்தேகமிருந்தால் கோரஸ் அடங்கிய கையோடு "இப்பம் நடத்தினதை ஒரு வரியில எழுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை பேனா அசைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

மாணவருக்கு ஆர்வமில்லை என்ற புலம்பல் ஆசிரியர் அறைகளில் தினமும் கேட்கிறது. ஆர்வத்தை உண்டாக்க வெளியிலிருந்து பேச்சாளரைக் கூட்டிவந்து ஒன்றரை மணி நேரம் பேசவைக்கிறோம். கலாம், விவேகானந்தர், நாலு கதை, கைதட்டல். மறுநாள் முதல் பீரியடில் பழைய கதைதான். என் கணிப்பில், பிள்ளையின் ஆர்வம் கூடுவதும் வடிவதும் மேடையில் நடப்பதில்லை. கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார், தப்பான பதிலை என்ன செய்கிறார், வகுப்பில் எங்கே நிற்கிறார் என்ற மூன்று சின்ன விஷயங்களில் நடக்கிறது.

எங்கே நிற்கிறார் என்பதற்கு இந்தோனேசியாவில் ஒரு சூத்திரமே இருக்கிறது. கி ஹஜார் தேவந்தாரா ஜாவாவின் அரச குடும்பத்தில் பிறந்தவர். டச்சு ஆட்சியைக் கிண்டல் செய்து எழுதியதற்காக 1913-ல் நாடுகடத்தப்பட்டு நெதர்லாந்துக்குப் போனார். திரும்பி வந்து 1922 ஜூலை 3 அன்று யோக்யகார்த்தாவில் 'தாமன் சிஸ்வா' என்ற பள்ளியைத் தொடங்கினார். தாமன் என்றால் தோட்டம், சிஸ்வா நம் சிஷ்யன்தான். குலப் பட்டத்தையும் பழைய பெயரையும் விட்டுவிட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொண்டார். சுதந்திர இந்தோனேசியாவின் முதல் கல்வி அமைச்சரும் அவரே. அவர் பிறந்த மே 2 அங்கே தேசியக் கல்வி நாள்.

அவர் சொன்ன ஜாவா மொழி வாக்கியம் இது: "இங் ஙர்ஸா சுங் துலாதா, இங் மத்யா மாங்குன் கர்ஸா, துத் வுரி ஹந்தயானி." முன்னால் நின்றால் முன்மாதிரி காட்டு, நடுவில் நின்றால் மனத்தில் உந்துதலைக் கட்டு, பின்னால் நின்றால் தாங்கிக்கொடு. 'மத்யா' நம் மத்தியம்தான் என்பது காதில் விழுந்திருக்கும். கடைசித் துண்டு அந்த நாட்டுக் கல்வி அமைச்சகச் சின்னத்திலேயே இருக்கிறது.

சின்னத்தில் இருப்பதெல்லாம் வகுப்பில் நடந்துவிடாது என்பதற்கும் இந்தோனேசியாவே சாட்சி. தேசியப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2021-ல் 5, 8, 11-ஆம் வகுப்புகளில் சில மாணவர்களை மட்டும் பொறுக்கி ஒரு மதிப்பீடு வந்தது. அதில் மாணவனுக்குத் தனி மதிப்பெண் கிடையாது, பள்ளிக்குத்தான் கணக்கு. 2022-ல் ஆசிரியருக்குக் கூடுதல் சுதந்திரம் தரும் 'குரிகுலும் மெர்தேகா' பாடத்திட்டம் வந்தது. மெர்தேகா என்றால் விடுதலை. அதே 2022-ல் நடந்த பிசா தேர்வில், அதாவது பல நாட்டுப் பதினைந்து வயது மாணவரை ஒப்பிடும் தேர்வில், கணிதத்தில் அவர்கள் பெற்றது 366. 2018-ல் 379 இருந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததும் இதில் உண்டு, பாடத்திட்டமும் அப்போதுதான் பிறந்திருந்தது, ஆகவே பழியை அதன் தலையில் போட முடியாது. ஆனால் தேர்வை எடுத்தால் ஆர்வம் தானாகச் சுரக்கும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

சரி, நம் வகுப்புக்கு வருவோம். 45 நிமிடம், 40 பிள்ளைகள், பெஞ்சுக்கு நாலு பேர்.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். பி.எட். பரீட்சைக்கு, வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பிளாண்டர்ஸின் பத்து வகைகளை எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம்: ஆசிரியர் பேச்சுக்கு ஏழு, மாணவர் பேச்சுக்கு இரண்டு, மௌனத்துக்கு ஒன்று. மூன்று நொடிக்கு ஒரு குறி போட வேண்டும். 20 நிமிடத்துக்கு 400 குறி. பாடம் நடத்திக்கொண்டே யாராலும் போட முடியாது. செல்போனை மேசை டிராயரில் வைத்து 20 நிமிடம் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வீட்டில் கேட்கும்போது 15 நொடிக்கு ஒரு எழுத்து போதும்: ஆசிரியர் என்றால் 'ஆ', ஒரு மாணவர் தனியாகப் பேசினால் 'மா', கோரஸ் என்றால் 'கோ', அமைதி என்றால் 'அ'. மொத்தம் 80 எழுத்து. கோரஸை மாணவர் பேச்சில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கணக்கு அழகாக வரும், உண்மை போய்விடும். கூடவே பெஞ்சுகளைக் கட்டம் போட்டு, பேசிய பிள்ளையின் கட்டத்தில் ஒரு கோடு கிழியுங்கள். முன்வரிசையும் நடு வழியின் இரு பக்கமும் கோடாக நிறைந்து, சுவரோரம் வெறுமையாகக் கிடக்கும். பெரும்பாலான வகுப்புகளின் படம் இதுதான்.

அடுத்தது காத்திருப்பு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள். மூன்று நொடி சின்னதாகத் தெரிகிறது அல்லவா? கரும்பலகை முன் நின்று பாருங்கள், மூன்று யுகம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சுண்டுவிரல் தொடும்வரை வாய் திறக்கக் கூடாது. பிள்ளை பதில் சொன்ன பிறகும் இன்னொரு தடவை அதே மாதிரி. இந்த இரண்டாவது காத்திருப்பைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். "சரி, அடுத்து" என்று பாய்ந்துவிடுவதால், "ஏன்னா..." என்று அந்தப் பிள்ளை தொடங்கப்போனது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இதில் கெடுவது ஒன்று உண்டு. மூன்று நொடி காத்தால் முன்வரிசைக்காரன் இரண்டாவது நொடியிலேயே விடையைக் கத்திவிடுவான். கத்தாதே என்று அதட்டினால் அவனும் சோர்வான். எனவே கேள்விக்கு முன்னாலேயே விதியைச் சொல்லிவிடுங்கள்: "ஒருத்தரும் பேசாண்டாம், 30 நொடி, நோட்டுல எழுதுங்க." பிறகு சீட்டு. ஐஸ்கிரீம் குச்சிகளில் வரிசை எண்ணை எழுதி ஒரு காலி சாக்பீஸ் டப்பாவில் போட்டு வையுங்கள். கேள்வி முதலில், குச்சி பிறகு. பெயரை முதலில் சொன்னால் மற்ற 39 பேரும் அப்போதே விடுமுறையில் போய்விடுவார்கள். எடுத்த குச்சியைத் திரும்ப டப்பாவிலேயே போட வேண்டும். வெளியே வைத்தால் 'என் முறை முடிஞ்சு' என்று அந்தப் பிள்ளையும் கிளம்பிவிடும்.

குச்சி வந்த பிள்ளை "தெரியாது சாரே" என்றால்? உட்கார வைத்துவிட்டு அடுத்தவரிடம் போவது வழக்கம். அது தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொடுப்பது. நிற்கவே வைப்பது அதைவிட மோசம். உட்காரச் சொல்லுங்கள், வேறு இருவரிடம் பதில் வாங்குங்கள், திரும்பி வந்து கேளுங்கள்: "இந்த ரெண்டுல உனக்கு எது செரின்னு படுது?" இதற்குப் பதில் சொல்லத் தெரியாத பிள்ளை அனேகமாக இல்லை.

இப்போது நடுவில் நிற்கும் வேலை. இங்கேதான் விஷயம் கனமானது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் பாடம். எதிரொலி கேட்க 17.2 மீட்டர் தூரம் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதிப்போட்டால் குறித்துக்கொள்வார்கள். முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கத்து வகுப்பில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "போட்டுல இருக்கிற எக்கோ சவுண்டர் விட்ட ஒலி 0.2 நொடியில திரும்பி வந்துது. கடல் தண்ணியில ஒலி நொடிக்கு 1500 மீட்டர் போகும். கடல் எவ்வளவு ஆழம்?" பாதிப் பேர் 300 என்று எழுதுவார்கள். "தப்பு, இரண்டால வகுக்கணும்" என்று சொல்லிவிட்டால் மூன்று நொடியில் கதை முடிந்தது. அதற்குப் பதில் இப்படிப் போகலாம்:

"300 எப்படி வந்துது?"
"1500-ஐ 0.2-ஆல பெருக்கினேன் சாரே."
"பெருக்கல் செரி. இந்த 300 மீட்டரும் யாரு போன தூரம்?"
"ஒலி போன தூரம்."
"போனது மட்டுமா?"
"இல்ல, போயி திரிச்சு வந்தது... அப்பம் பாதி. 150."

இந்தப் பேச்சுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பிள்ளை தன் தப்பைத் தானே பிடித்தது. அவன் செய்ததில் சரியான பாகத்துக்கு முதலில் பெயர் சொல்லியாயிற்று, பெருக்கல் சரி என்று. "150 மீட்டர்னா எத்தனை பாகம்?" என்று கடைசியில் ஒரு கொக்கி போட்டால், பாகம் என்பது கடலாழ அளவு, ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர் என்று மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஆசிரியருக்குச் சொல்லித்தரும். 82, 83 பாகம் வரும். வகுப்பில் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்று ஒரு பிள்ளை உணர்கிற இடம் அது. குலசேகரம், அருமனை பக்கம் போனால் எக்கோ சவுண்டர் வேண்டாம். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் ஏன் உறைகிறது என்று கேளுங்கள். காலையில் அப்பாவோடு பால் எடுத்துவிட்டு முதல் பீரியடில் தூங்கி வழிகிற பையன் அன்றைக்குத் தூங்க மாட்டான். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களுக்கு எதிர்மின் சுமை, அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன, பார்மிக் ஆசிட் அதைச் சமன் செய்ததும் ஒட்டிக்கொள்கின்றன. ஆரல்வாய்மொழிக்குக் காற்றாலை, மணவாளக்குறிச்சிக்குத் தோரியம் உள்ள கடல்மணல். நம் மாவட்டத்தில் பத்து மைலுக்கு ஒரு பாடம் கிடக்கிறது.

அந்தப் பிள்ளை 'திரிச்சு வந்தது' என்று சொன்னதைக் கவனியுங்கள். விளவங்கோடு பக்கத்துப் பேச்சு அது. "புத்தகத் தமிழ்ல சொல்லு" என்று அந்த இடத்தில் வெட்டினால் அறிவியலுக்கு விழ வேண்டிய கவனம் நாக்குக்குப் போய்விடும். மற்ற பிள்ளைகள் சிரித்தால் தீர்ந்தது, அந்த ஆண்டு முழுக்க அவன் வாய் திறக்க மாட்டான். முதலில் கருத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு பலகையின் இடது ஓரத்தில் 'திரிச்சு வருதல்' என்று எழுதி, அதன் நேரே 'எதிரொலித்தல்' என்று எழுதுங்கள். வீட்டுச் சொல்லும் பரீட்சைச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில். ஒரு பாடத்துக்கு ஐந்தாறு ஜோடி சேரும். மாத முடிவில் அதுவே ஒரு சொற்பட்டியல்.

இந்தோனேசியாவில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. பாடமொழி இந்தோனேசியம். வீட்டில் ஜாவா மொழி, சுந்தா மொழி என்று நூற்றுக்கணக்கில் உண்டு. ஜாவா மொழியிலோ நண்பனிடம் பேச ஒரு தளம், பெரியவரிடம் பேச வேறு தளம். முன்னதற்கு 'ஙோகோ', பின்னதற்கு 'க்ரமா' என்று பெயர். சொல்லே மாறும். ஆசிரியரிடம் வீட்டுமொழியில் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் மரியாதைத் தளம் பிசகாமல் வர வேண்டும். பிசகும் என்றால் பேசாமல் இருப்பதே மரியாதை. 'மாலு' என்பார்கள், கூச்சம். நம் பிள்ளைகள் வாய் மூடிக்கொண்டிருப்பதில் பாதியும் இந்த மாலுதான். சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்பது நாம்.

ஜோடிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தனியே யோசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, வகுப்புக்குச் சொல் என்ற முறை எல்லாப் பயிற்சியிலும் வரும். நடைமுறையில் இடறுவது பேசும் நேரத்தில். ஐந்து நிமிடம் கொடுத்தால் மூன்றாவது நிமிடம் சினிமா வந்துவிடும். 90 நொடி போதும். பேசி முடித்ததும் "உன் பதில் என்ன?" என்று கேட்கக் கூடாது. "பக்கத்துல இருக்கிற ஆளு என்ன சொன்னா?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் காது வேலை செய்யும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இன்னொருவர் கருத்தைச் சொல்வது எளிது, தப்பானாலும் பழி தன்மேல் விழாது. ஆனியிலும் ஐப்பசியிலும் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது இதெல்லாம் நடக்காது. அன்றைக்கு நோட்டைப் பரிமாறி எழுத்திலேயே பேசச் சொல்லுங்கள்.

2025 ஜூலையில் 'ப' வடிவில் பெஞ்சு போடச் சொல்லிச் சுற்றறிக்கை வந்ததும், கழுத்துவலி, பலகை தெரியாது என்று பேச்சு கிளம்பி அது நிறுத்தி வைக்கப்பட்டதும் நினைவிருக்கும். கடைசி பெஞ்சு என்ற ஒன்று இருக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது. ஆனால் 40 பேரை அந்த அறையில் 45 நிமிடமும் பக்கவாட்டில் திருப்பி வைப்பது சரிவராது. பெஞ்சை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பின்புறம் திரும்பி உட்காரச் சொன்னால் எட்டெட்டுப் பேராக ஐந்து குழு, 20 நொடி வேலை. எட்டு நிமிடம் பேசட்டும், பிறகு திரும்பிக்கொள்ளட்டும். ஆசிரியர் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றால், அன்றைக்கு அதுதான் முதல் பெஞ்சு.

பின்னால் நிற்பதன் பயன் அங்கேதான் தெரியும். முன்னாலிருந்து முகம் தெரியும், பின்னாலிருந்து நோட்டு தெரியும். முகம் ஏமாற்றும். கணக்கு வகுப்பில் ஒரு சுற்று மெதுவாக நடந்து வந்தால், எத்தனை பேர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார்கள் என்று எண்ணிவிடலாம். நடக்கும்போது பேச வேண்டாம். சரியான வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, தப்பான வரிக்கு ஒன்றும் வேண்டாம். புள்ளி எங்கே நின்றது என்று பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பாராட்டு பற்றிச் சுருக்கமாக. 'சூப்பர்', 'வெரிகுட்' என்பவை உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் போட்டால் ருசி போய்விடும். "நீ புத்திசாலி" என்பதில் ஆபத்தே இருக்கிறது. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்த கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்தார்கள். "போன தடவை அலகு எழுத மறந்தே, இந்தத் தடவை எல்லாத்துலயும் எழுதியிருக்கே" என்ற ஒரு வரி கைதட்டலைவிட நீடிக்கும்.

ஒப்பிட்டுப் பேசுவதைப் பற்றி அரசாங்கமே ஒரு முடிவெடுத்தது. 2017-ல் பொதுத்தேர்வு முதல் மூன்று இடப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தினார்கள். பள்ளி வாசல் பிளெக்ஸ்கள் நிற்கவில்லை. அதைவிடக் கூர்மையானது வகுப்புக்குள் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் சிறப்பு வகுப்பு தொடங்கும்போது 'மெல்லக் கற்போர் எல்லாம் எழுந்து வாங்க' என்று உரக்கப் படிக்கப்படும் பட்டியல். பட்டியல் ஆசிரியரின் டைரியில் இருக்கட்டும். பிள்ளையிடம் சொல்ல வேண்டியது: "உனக்கு ஒளியியல்ல ரெண்டு கணக்கும் ஒரு படமும் பாக்கி, திங்கக்கிழமை நாலரைக்கு முடிச்சிரலாம்." எவ்வளவு வேலை, எப்போது முடியும் என்று தெரிந்தால் பிள்ளை வரும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள்.

உளவியலாளர்கள் டெசியும் ரயனும் உந்துதலுக்குச் சொன்ன மூன்று தேவைகள் இதற்குள்தான் அடங்கும்: தானே தேர்ந்தெடுக்க ஏதாவது, என்னால் முடியும் என்ற உணர்வு, இவர்கள் நம்மவர்கள் என்ற ஒட்டுதல். மூன்றாவது நம் வகுப்புகளில் தாராளம், 'மக்களே' என்ற ஒரு சொல்லே போதும். பஞ்சம் முதலாவதில். ஐந்து கணக்கு கொடுத்து எந்த மூன்றையாவது செய் என்றால் போதும், அதற்கு அரசாணை தேவையில்லை.

கடைசி நாலு நிமிடம் 'வெளங்கிச்சா'வுக்கு மாற்று. அரைத்தாள் கிழித்து இரண்டு வரி: இன்றைக்குத் தெரிந்துகொண்டது ஒன்று, இன்னும் குழப்பமாக இருப்பது ஒன்று. பெயர் எழுத வேண்டாம். கதவருகே சாக்பீஸ் டப்பாவில் போட்டுவிட்டுப் போகட்டும். 40 தாளையும் பிரிக்கப் பத்து நிமிடம்: விளங்கியவை, அரைகுறை, விளங்காதவை. முதல் வாரம் மூன்றாவது குவியல் சின்னதாகவே இருக்கும். எல்லாரும் 'குழப்பம் இல்லை' என்றே எழுதுவார்கள், கோரஸ் காகிதத்துக்கு இடம் மாறியிருக்கும். அதனால் இரண்டாவது கேள்வியை மாற்றுங்கள்: "இந்தப் பாடத்துல பக்கத்து ஸ்கூல் பிள்ளைக்கு எது குழம்பும்?" மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அந்தத் தாள்களிலிருந்து இரண்டை எடுத்து வாசித்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரு வாரம் வாசிக்காமல் விட்டால், அடுத்த வாரம் டப்பாவில் வெறும் தாள்தான் விழும்.